எதனின் விரைவு?

தமிழிலக்கணத்தில் ஐந்தாம் வேற்றுமை மிக எளிய பகுதிகளுள் ஒன்றென்பது எம் வகுப்பினர் துணிபு. இன் என்பது அதன் உருபு. நீங்கல், ஒப்பு, எல்லை, ஏது என்பன அதன் பொருள்கள். இவ்வளவையும் தேர்வுக்கு முன்னாள் இரவிற் படித்து மறுநாட் காலையில் எழுதிவிட்டு வரலாம். ஒன்றனோடு ஒன்றை ஒப்பிடும் இடத்து உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டும் காக்கையையும் களாப்பழத்தையும் அறியாத மாணவர் இலர். காக்கை கரியது, களாப்பழமோ அதனினும் கரியது. இவ்வொப்புமையிற் களாப்பழத்தினும் காக்கைக்கே பொறுப்பு மிகுதி. காக்கை தன் இயற்கை நிறத்தோடு நின்றாலன்றிப் பழத்தின் கருமை இத்துணையதென்று விளங்காது. யாரேனும் ஒருவர் அக்காக்கையின்மேற் சுண்ணாம்பைப் பூசி வைத்துக்கொண்டு, "காண்மின், களாப்பழம் இதனின் எத்துணைக் கரியது!" என்று கூவுவாராயின், அவர் கூறியது பொய்யன்று. ஆயினும் அதனாற் களாப்பழத்தைப் பற்றி நாம் அறிந்தது யாதுமில்லை.

இலக்கண வகுப்பிற்கே உரியதெனத் தோன்றும் இச்செய்தியை எமக்கு வேறோர் இடத்தில் எதிர்ப்படச் செய்தது, 2025ஆம் ஆண்டின் தொடக்கத்திற் கணினித் துறையினரிடையே எழுந்த ஒரு வழக்கு. பைத்தான் என்னும் நிரல்மொழிக்குப் புதிதாய் ஆக்கப்பட்ட உறுப்பொன்று பழையதனினும் நூற்றுக்கு 9 முதல் 15 பங்கு வரை விரைவுடையது என்ற செய்தி பிப்ரவரித் திங்களிற் பரவிற்று. மார்ச்சுத் திங்களில் அவ்வெண் 1 முதல் 5 வரை எனச் சுருங்கிற்று. தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணவருக்கு இதனில் என்ன வேலை என்று அன்பர்கள் வினவலாம். வேலை உண்டு, அவ்வழக்கின் ஒரு சிறு கிளை எம் விடுதியறையிலேயே நடந்தது.

எம் துறையிற் குறுந்தொகைக்குச் சொல்லடைவு செய்யும் பணி எமக்கும் வேறு இருவருக்கும் கொடுக்கப்பட்டது. நூலில் வரும் ஒவ்வொரு சொல்லும் எப்பாட்டில் எவ்வடியில் வருகின்றது என்று அகரவரிசையிற் காட்டுவதே சொல்லடைவு. பழங்காலத்தார் சீட்டுகளில் எழுதி நூலிற் கோத்துச் செய்த வேலை அது. எம் அறைத்தோழர் கணினியியல் மாணவர். யாம் சீட்டு வெட்டத் தொடங்கியதைக் கண்டு நகைத்து, "கத்தரிக்கோலைக் கீழே வை, நான் ஒரு நிரல் எழுதித் தருகிறேன்" என்றார். அவர் எழுதிய முதல் நிரல் தமிழ் அகரவரிசையை அறியவில்லை. யூனிகோடு என்னும் எழுத்துக் குறியீட்டில் னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும், ழகரம் வகரத்திற்கு முன்னும் நிற்கின்றன. மெய்யெழுத்தோ, உயிர்மெய்யோடு புள்ளி சேர்ந்ததாய் எழுதப்படுதலின், தன் வருக்கத்திற்கெல்லாம் பின்னே சென்று நிற்கின்றது. யாம் முறையான வரிசையைக் கூற, அவர் ஒவ்வொரு சொல்லையும் அவ்வரிசைப்படி எண்களாக மாற்றி அடுக்கும் வழியை வகுத்தார். அதன்பின் குறுந்தொகை முழுவதும் யாம் இமை கொட்டுமுன் வரிசைப்பட்டு வந்து நின்றது. எமக்கு அதனோடு வேலை முடிந்தது. அவருக்கோ அப்பொழுதுதான் தொடங்கிற்று.

அவ்வாண்டில் அவர் தம் பட்டப்படிப்பிற்கு எழுத வேண்டியிருந்த ஆய்வேட்டின் பொருள், மேலே கூறிய புதிய உறுப்பின் விரைவே. அவ்வேட்டின் தகுதியைக் கொண்டு ஒருவர்க்கு மட்டும் மேற்படிப்பிற்கு உதவித்தொகை அளிக்கப்படும். அவர் குடும்ப நிலையில் அத்தொகையின்றி மேற்படிப்பு இல்லை. ஆதலின் எம் சொல்லடைவு நிரலும், உலகோர் வழங்கும் வேறு பல அளவை நிரல்களும் அவர் மடிக்கணினியில் இரவு முழுதும் ஆயிரக்கணக்கான முறை ஓடின. குறுந்தொகை அத்துணை முறை விரைந்து படிக்கப்பட்டது எம் விடுதியிலன்றி வேறெங்கும் இராது.

நிற்க. அவர் எமக்கு விளக்கியவாறே அவ்வுறுப்பின் இயல்பை ஈண்டுக் கூறுவோம். பைத்தானில் எழுதிய நிரல் முதலில் பைட்கோடு எனப்படும் சிறு கட்டளைகளின் தொடராக மாற்றப்படும். அக்கட்டளைகளை ஒவ்வொன்றாய் எடுத்து, இது கூட்டலா, ஒப்பிடலா, தாவலா என்று நோக்கி, அதற்குரிய வினையைச் செய்விக்கும் ஏவலன் ஒருவன் உளன். அவனுக்கு இன்டர்பிரிட்டர் என்று பெயர். அவனும் ஒரு நிரலே. சி என்னும் மொழியில் எழுதப்பட்ட அவனைக் கம்பைலர் என்னும் கருவி எந்திர மொழியில் ஆக்கித் தருகின்றது. அவ்வெந்திர மொழியைப் பிராசசர் என்னும் சில்லு இயற்றுகின்றது. இன்டர்பிரிட்டர், கம்பைலர், பிராசசர் ஆகிய இம்மூவரையும் நினைவிற் கொள்க. பின்வரும் வழக்கிற் குற்றம் இவருள் ஒருவரைச் சாரும்.

இக்காலத்துப் பிராசசர் ஒரு நொடியில் முந்நூறு கோடித் துடிப்புகளுக்கும் மேலாகத் துடிப்பது. அவ்விரைவினும் வியக்கத்தக்கது அதன் ஊக்கமும் ஊகமும். எம் விடுதி உணவறையிற் பரிமாறும் பெரியவர் ஒருவர் உளர். யாம் வந்து அமருமுன்னரே, இவனுக்கு ரசம், அடுத்தவனுக்கு மோர் என்று தாமே துணிந்து அகப்பையை மொண்டு நிற்பார். ஊகம் சரியாயின் பந்தி ஓட்டமாய்ச் செல்லும். ஒருவன் குழம்பு கேட்டுவிட்டாற் போதும். மொண்டதைக் கொட்டி, வாளியை மாற்றி, வரிசையே ஒரு கணம் தடைப்பட்டு நிற்கும். பிராசசரும் அத்தன்மையதே. கட்டளைகள் எவ்வழியிற் பிரியப்போகின்றன என்று முன்னரே ஊகித்து, அவ்வழியிலுள்ள வேலைகளைத் தொடங்கிவிடுகின்றது. ஊகம் பிழைப்பின் செய்ததையெல்லாம் எறிந்துவிட்டு மீளவேண்டும். அங்ஙனம் மீள்வதற்கு ஏறத்தாழ 15 முதல் 20 துடிப்புகள் வீணாகும். ஒரு முறைக்கு அஃது ஒன்றுமன்று. ஒவ்வொரு பைட்கோடுக் கட்டளைக்கும் நேருமாயின் பெருங்கேடு.

இன்டர்பிரிட்டருக்கு இதனால் வரும் இடுக்கண் யாது? எளிய முறையில் எழுதிய இன்டர்பிரிட்டரில் ஒவ்வொரு கட்டளையும் முடிந்தவுடன் ஒரே சந்திக்கு மீண்டு வந்து, அங்கிருந்தே அடுத்த கட்டளைக்குப் பிரியவேண்டும். பழைய பிராசசர் ஒவ்வொரு சந்திக்கும், சென்ற முறை எவ்வழியிற் சென்றோம் என்ற ஒன்றனையே குறித்து வைத்திருந்தது. எல்லாரும் கூடும் சந்தியில் அக்குறிப்பு யாது பயன் தரும்? வெண்பாவை நினைமின். மாச்சீரின் முன் நிரையும், விளச்சீரின் முன் நேரும், காய்ச்சீரின் முன் நேரும் வருதல் அதற்கு விதி. முடிந்த சீர் இன்னதென்று மறைத்துவிட்டு, அடுத்தது நேரில் தொடங்குமா நிரையில் தொடங்குமா என்று வினவினால், யாப்பில் வல்லவரும் குருட்டு ஊகமே கூறுவர். முடிந்தது மாச்சீர் என்று காட்டிவிட்டால் சிறுவனும் நிரை என்பான். ஆகவே அறிஞர் செய்த உபாயம் இது: ஒவ்வொரு கட்டளையின் முடிவிலும் அதற்கென்றே தனிச் சந்தி ஒன்று அமைத்தனர். ஒப்பிடற் கட்டளையின் பின் பெரும்பாலும் தாவற் கட்டளையே வரும். தனிச் சந்தி இருந்தால் இவ்வுறவு பிராசசரின் குறிப்பில் தங்கும்.

கட்டளைகளை இங்ஙனம் பொதுச் சந்தியின்றித் தொடுத்துச் செல்லும் முறையைப் பற்றி ஜேம்ஸ் பெல் என்பார் 1973இலேயே எழுதினார். 2003இல் எர்ட்ல், கிரெக் என்னும் இருவர், அந்நாளைய பிராசசர்கள் இன்டர்பிரிட்டர்களின் பிரிவுகளை நூற்றுக்கு 2 முதல் 50 வரையே சரியாக ஊகித்தன என்றும், ஓடும் காலத்திற் பாதிக்கு மேலும் அப்பிழைகளிற் கழியக்கூடும் என்றும் காட்டினர். அதன்பின் இன்டர்பிரிட்டர் எழுதுவோரெல்லாம் தனிச் சந்தி முறையை வேதவாக்காகக் கொண்டனர். 2015இல் ரோஹூ, சுவாமி, செஸ்னெக் என்னும் மூவர் அதனை மீண்டும் அளந்தனர். 2013இல் வெளிவந்த ஹாஸ்வெல் வகைப் பிராசசர் சந்தியை மட்டுமன்றி அச்சந்திக்கு வந்த நெடுவழி முழுவதையும் நினைவில் வைப்பது. ஆதலின் பொதுச் சந்தியிலும் அதன் ஊகம் பெரும்பாலும் பிழைப்பதில்லை என்று கண்டனர். செவிவழிச் செய்தியை நம்பற்க என்ற பொருளில் ஒரு தொடரை அவர்கள் தம் கட்டுரைத் தலைப்பிலேயே வைத்தனர். புலவர் வரலாறுகளிற் செவிவழிக் கதைகள் நூலினின்று நூலுக்குத் தாவுவதைக் கண்டு சலித்த எமக்கு, எந்திரங்களைப் பற்றியும் அத்தகைய கதைகள் உள என்பது ஒருவகை ஆறுதலாகவே இருந்தது.

இனி 2025ஆம் ஆண்டின் வழக்கைக் கூறுவோம். பைத்தானை ஆக்குவோருட் சிலர் இன்டர்பிரிட்டரை முற்றிலும் வேறு முறையில் அமைத்தனர். ஒவ்வொரு கட்டளைக்கும் தனித்தனியே ஒரு சிறு செயற்கூறு எழுதி, அஃது முடியும்போது மீளாமலே அடுத்ததற்கு வேலையைக் கைமாற்றித் தரும்படி செய்தனர். சிறு சிறு கூறுகளாய் இருத்தலிற் கம்பைலரும் அவற்றை நன்கு செப்பனிட இயலும். அதனைக் கிளாங் என்னும் கம்பைலரின் 19ஆம் பதிப்பினால் ஆக்கி, அதே கம்பைலரினால் ஆக்கிய பழைய இன்டர்பிரிட்டரோடு ஒப்பிட்டனர். ஒரே கம்பைலர், ஒரே கணினி, ஒரே அளவை நிரல்கள். இதனினும் நேர்மையான ஒப்பீடு உண்டோ? 9 முதல் 15 என்ற எண் இங்ஙனம் பிறந்தது.

வெளியிலிருந்த பொறியாளர் ஒருவர் அவ்வெண்ணின் பெருமையைக் கண்டு ஐயுற்று, பழைய இன்டர்பிரிட்டரைக் கிளாங் 18இனாலும், ஜிசிசி என்னும் வேறொரு கம்பைலரினாலும் ஆக்கிப் பார்த்தார். அவை கிளாங் 19இல் ஆக்கிய பழையதனின் மிக விரைவாய் ஓடின. காரணம் பின்னர்ப் புலனாயிற்று. தனிச் சந்திகள் பல எழுதப்பட்டிருப்பினும், கிளாங் தன் உள்வேலையின் எளிமைக்காக அவற்றை முதலில் ஒரே சந்தியாக இணைத்துக்கொள்ளும். வேலை முடியும் தறுவாயில் மீண்டும் பிரித்துவிடும். அங்ஙனம் பிரிப்பது சில நிரல்களிற் கம்பைலரின் வேலையை அளவுகடந்து பெருக்கியமையால், 19ஆம் பதிப்பில் அதற்கொரு வரம்பு கட்டினர். பைத்தானின் இன்டர்பிரிட்டர் மிகப் பெரியது, வரம்பைக் கடந்தது. ஆதலின் அதன் சந்திகள் பிரியாமல் ஒன்றாகவே நின்றுவிட்டன. பழைய இன்டர்பிரிட்டர் நூற்றுக்கு ஏறத்தாழப் பத்துப் பங்கு மெலிந்தது. 2015ஆம் ஆண்டின் கட்டுரையை மட்டும் கற்றவர், சந்தி ஒன்றானால் என்ன என்று இருந்திருப்பர். அளந்தவர்க்கே அப்பத்துப் பங்கு அகப்பட்டது. புதியதோ தனித்தனிச் செயற்கூறுகளால் ஆனதாகலின் இணைப்பதற்கு இடமின்றித் தப்பிற்று. களாப்பழம் கரியதே. ஆனாற் காக்கையின்மேற் சுண்ணாம்பு பூசப்பட்டிருந்தது. பூசியவர் பழத்தை விற்றவரல்லர், வேறொருவர். அவரும் நற்செயலெனக் கருதியே பூசினார்.

ஆக்கியோர் நடந்துகொண்ட முறை போற்றத்தக்கது. தம் எண் அக்கம்பைலர்ப் பதிப்பிற்கு மட்டுமே பொருந்துவதென்று வெளிப்படையாகக் கூறி வருந்தினர்; பைத்தான் 3.14ஆம் பதிப்பின் குறிப்பில் 9 முதல் 15 என்றிருந்ததை 3 முதல் 5 எனத் திருத்தி, திருத்திய காரணத்தையும் அங்கேயே எழுதினர். கம்பைலரின் குறையும் 20ஆம் பதிப்பின் திருத்த வெளியீடு ஒன்றில் நீக்கப்பட்டது.

இச்செய்தி எம் அறைக்கு வந்த மாலையை யாம் மறவோம். சிற்றாலய மணி அடித்து ஓய்ந்திருந்தது. நண்பரின் ஏடு தட்டச்சாகி, அட்டை கட்டுவதற்கு மட்டும் காத்திருந்தது. அவரும் கிளாங் 19இனாலேயே அளந்திருந்தார்; அவர் பெற்ற எண்ணும் இருநிலை எண்ணே. மேல்வகுப்பு மாணவர் ஒருவர் அறைக்கு வந்து, "நீ அளந்தது அளந்தபடியே எழுதியிருக்கிறாய், ஒரு சொல்லும் பொய்யில்லை. கம்பைலரின் பதிப்பெண்ணையும் குறித்திருக்கிறாய். அப்படியே கொடுத்துவிடு, இரண்டு வாரத்தில் எல்லாவற்றையும் மீண்டும் அளக்க யாரால் இயலும்?" என்றார். அவர் கூறியதில் நியாயம் இல்லாமல் இல்லை. நண்பர் விடை கூறாமல் எம்மை நோக்கி, "உங்கள் பதிப்பாசிரியர்கள் இப்படிப்பட்ட இடத்தில் என்ன செய்வார்கள்?" என்று கேட்டார்.

யாம் எமக்குத் தெரிந்ததைக் கூறினோம். ஒரு பதிப்பாசிரியர், தம் பாடம் ஏட்டிலுள்ள பாடத்தினும் ஐம்பது இடங்களில் தெளிவானது என்று முன்னுரை எழுதலாம். எந்த ஏடு என்பதே வினா. கறையான் அரித்து, எழுதுவோனால் இரு வரிகள் விடுபட்ட ஓர் ஏட்டை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, அதனினும் தெளிவு என்பாராயின், அத்தெளிவு அவர் புலமையினால் வந்ததா, கறையானால் வந்ததா? உ. வே. சாமிநாதையர் 1887இற் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்குமுன் ஊரூராய்ச் சென்றும் எழுதியும் பிரதிகள் பலவற்றைத் திரட்டி ஒப்பு நோக்கியது இதன் பொருட்டே. ஓர் ஏட்டின் பிழையை அவ்வேட்டைக் கொண்டே கண்டுபிடித்தல் அரிது. வேறோர் ஏடு அருகில் வந்தாற் பிழை தானே தலைநீட்டும். கிளாங் 19 ஓர் ஏடு. கிளாங் 18 மற்றோர் ஏடு. ஜிசிசி என்பது வேற்றூர் மடத்து ஏடு.

நண்பர் அன்றிரவே ஏட்டின் கட்டை அவிழ்த்தார்.

அதன்பின் வந்த பதினைந்து இரவுகளில், கால அளவை என்பது எத்துணை நுண்ணியதென்று யாமும் சிறிது கற்றோம். எந்திரம் எண்ணைத் தருகின்றது; எண் உண்மையைத் தந்தே தீரும் என்பதில்லை. மிட்கோவிச் முதலிய நால்வர் 2009இல் வெளியிட்ட ஆராய்ச்சியொன்றை நண்பர் எமக்குப் படித்துக் காட்டினார். நிரல் ஓடும் சூழலிற் கணினி தாங்கி நிற்கும் சில சொற்குறிப்புகளின் நீளம் சற்றே மாறினும், அவற்றோடு தொடர்பில்லாத நிரலின் ஓட்டநேரம் மாறுகின்றது. அஃதாவது, ஒரே நிரல் நெடும்பெயருடையான் ஒருவன் கணக்கில் ஓடும்போது ஒரு விரைவும், குறும்பெயருடையான் கணக்கில் வேறொரு விரைவும் காட்டக்கூடும். நினைவகத்தில் நிரலின் பொருள்கள் சில இடம் தள்ளி அமர்வதே காரணம். நிரலின் பகுதிகளை இணைக்கும் வரிசை மாறினும் அங்ஙனமே. இப்பிழையைப் போதிய அளவு கருத்திற் கொண்ட கட்டுரை எதுவும், அவர்கள் நோக்கிய 133 ஆராய்ச்சிக் கட்டுரைகளில் இல்லை. 2013இற் கர்ட்சிங்கர், பெர்கர் என்னும் இருவர், நிரலின் பகுதிகளை நினைவகத்தில் வேண்டுமென்றே மாற்றி மாற்றி அமரச் செய்து அளந்தனர். அங்ஙனம் அளந்தபோது, எல்எல்விஎம் என்னும் கம்பைலரில் மூன்றாம் நிலைச் செப்பம் இரண்டாம் நிலைச் செப்பத்தினும் தரும் மிகுதியைத் தற்செயல் வேறுபாட்டினின்று பிரித்தறிய இயலவில்லை.

ஓடும்போதே தம்மைச் செப்பனிட்டுக்கொள்ளும் மொழிகளின் செய்தி இன்னும் விந்தையானது. அவை முதலில் மெல்ல ஓடி, சூடேறியபின் உச்ச விரைவை எய்தி அங்கே நிலைக்கும் என்பது பொது நம்பிக்கை. லண்டன் கிங்ஸ் கல்லூரியைச் சார்ந்தோர் 2017இல் இதனை அளந்தனர். ஒவ்வொரு நிரலையும் 2000 முறை சுற்றச் செய்து, அதனை 30 முறை புதிதாய்த் தொடங்கி, ஒவ்வொரு முறையும் கணினியை அணைத்தெழுப்பி, அதன் வெப்பம் தணியும்வரை காத்திருந்து அளந்தனர். அத்துணைக் காப்பிற்குப் பின்னும், மொழி இயக்கியும் நிரலுமாகிய இணைகளில் எப்பொழுதும் தவறாமல் உச்ச விரைவில் நிலைத்தவை மிகுதியாய் நோக்கினும் நூற்றுக்கு 43.5 பங்கே. சில நேரம் செல்லச் செல்ல மெலிந்தன. சில கடைசிவரை ஊசலாடின.

வெப்பத்தைப் பற்றிக் கூறியபோது எமக்குப் பரங்கிமலை நினைவுக்கு வந்தது. வில்லியம் லாம்டன் 1802இல் அம்மலையினருகே ஏறத்தாழ ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோடொன்றை எஃகுச் சங்கிலியால் அளந்தார். இந்திய நாட்டின் பெருநில அளவை அக்கோட்டினின்று தொடங்கிற்று. வெயிலிற் சங்கிலி நீளும் என்பதனால் அதனை மரப்பெட்டிகளிற் கிடத்தி, வெப்பமானிகளை அருகில் வைத்துக் கணக்கிட்டனர். அடிக்கோடு சிறிது பிழைப்பினும் அதன்மேல் எழும் முக்கோணங்களெல்லாம் பிழைக்கும் அன்றோ? கணினியாளர் ஒப்பீட்டிற்குக் கொள்ளும் பழைய எண்ணையும் அடிக்கோடு என்றே தம் மொழியில் வழங்குகின்றனர். அளவை நிரலுக்கு அவர்கள் இட்ட பெஞ்ச்மார்க் என்னும் பெயரும் நில அளவையாளர் கல்லிற் செதுக்கிய குறியினின்று வந்ததே.

எம் அறையில் மரப்பெட்டி இல்லை. இணைய இணைப்பை நீக்கினோம். மின்னிணைப்பை அகற்றாமல் வைத்தோம். மேல்விசிறியை மூன்றாம் எண்ணிலேயே நிறுத்தி, சாளரத்தை அடைத்தோம். ஓரிரவு மழை பெய்து அறை குளிர்ந்தபோது எல்லா எண்களும் ஒருங்கே சிறிது நல்லனவாயின. நண்பர் அவ்விரவின் எண்களை முழுவதும் விலக்கிவிட்டார். எமக்கு அது மிகையாகத் தோன்றியது. இன்றும் அங்ஙனமே தோன்றுகின்றது. பழையதும் புதியதும் ஒரே மழையில் நனைந்தன அல்லவோ?

பல நிரல்களின் விளைவுகளை ஒரே எண்ணாக்கும் முறையும் எண்ணத்தக்கது. விகிதங்களைக் கூட்டி வகுத்தாற் பிழைபடும். பெருக்கி மூலம் காணும் சராசரியே தக்கதென்று பிளெமிங், வாலஸ் என்பார் 1986இல் எழுதினர். இன்றும் பெரும்பாலோர் அவ்வழியினர். முதலில் வெளிவந்த பைத்தான் குறிப்பில், நிரலுக்கு நிரல் நூற்றுக்கு 3 பங்கு மெலிவு முதல் 30 பங்கு விரைவு வரை வேறுபாடு இருந்தது. சராசரி என்பது யாருடைய நிரலுமன்று. எம் சொல்லடைவு நிரலிற் புதிய இன்டர்பிரிட்டரால் விளைந்த நன்மை மிகச் சிறிது. சொல்லை எண்ணாக மாற்றும் வேலையை ஒவ்வொரு ஒப்பீட்டின்போதும் செய்யாமல் ஒரு சொல்லுக்கு ஒருமுறை மட்டும் செய்யும்படி நண்பர் ஒரு வரியைத் திருத்தினார். அது தந்த விரைவின் முன் பிராசசரின் ஊகமெல்லாம் நாணி நிற்கும். இதனை அவர் ஏட்டிற் சேர்க்குமாறு வற்புறுத்தினோம். பொருளுக்குப் புறம்பு என்று மறுத்துவிட்டார்.

பதினைந்தாம் நாள் கிடைத்த விளைவு, மூன்று கம்பைலர்களால் ஆக்கிய பழைய இன்டர்பிரிட்டர்களோடும் புதியதை ஒப்பிட்ட ஒரு பட்டியல். கிளாங் 19 வரிசையில் மட்டும் பெரிய எண் நின்றது. மற்றை இரண்டிலும் ஒற்றைநிலை எண், அதிலும் சிறியது. சில நிரல்களில் வேறுபாடு உண்டென்றே துணிய இயலவில்லை. அவ்விடங்களில் நண்பர் அங்ஙனமே எழுதினார். நேர்முகத் தேர்வில், "இவ்வளவு உழைத்தும் இவ்வளவுதானா?" என்று ஒருவர் வினவ, "ஆம் ஐயா, இவ்வளவுதான்" என்று விடையிறுத்தாராம். உதவித்தொகைப் பட்டியலில் அவர் பெயர் இரண்டாவதாய் நின்றது. தொகை ஒருவர்க்கே உரியது. முதலில் நின்றவரின் ஏட்டை யாம் படித்தோம். அதுவும் நல்ல ஏடே.

ஏட்டின் சுருக்கத்தைத் தமிழில் எழுதித் தருமாறு அவர் எம்மை வேண்டியிருந்தார். "புதிய இன்டர்பிரிட்டர் விரைவுடையது" என்று முதலில் அவர் தாமே ஒரு தொடர் எழுதிக் கொண்டுவந்தார். ஐந்தாம் வேற்றுமை உருபைச் சேர்த்து, எந்தக் கம்பைலரால் ஆக்கிய எதனின், எந்தப் பிராசசரில், எந்நிரல்களில் என்று யாம் நிரப்பியபின் அத்தொடர் ஆறு வரிகளுக்கு நீண்டது. தட்டச்சு செய்தவர் நடுவில் ஒரு முற்றுப்புள்ளி வைத்துக் கொடுத்தார். நண்பர் அதனை அடித்துவிட்டார். அவர் இப்பொழுது பகலில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டு, இரவிற் குறை நீங்கிய கம்பைலரினால் 3.14ஆம் பதிப்பை ஆக்கி மீண்டும் அளந்துவருகின்றார். தம் வாடகை அறையில் விசிறிக்கு மூன்றாம் எண் இல்லை என்பதே சென்ற கடிதத்தில் அவர் எழுதிய குறை.